தொழில் தெரிந்தால் மட்டும் போதுமா?

"பையன் பிட்டர் படிப்பு முடித்துவிட்டான். ஒரு நல்ல கம்பெனியில் வேலை கிடைத்தால் போதும்!"

வண்ணாரப்பேட்டையில் தெருவுக்குத் தெரு இந்தப் பேச்சைக் கேட்கலாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்... எங்கே போனாலும் இதே பேச்சுதான்.

பெற்றவர்களின் ஆசை அது. அதில் தவறு இல்லை. ஆனால் கிடைத்த வேலை நிலைக்க வேண்டாமா? 10 வருடம் கழித்தும் அதே இடத்தில், அதே ஸ்பானரோடு நிற்காமல், நாலு பேருக்கு வேலை சொல்லும் இடத்துக்குப் பையன் உயர வேண்டாமா?

அதற்கு என்ன வேண்டும்?

இந்தக் கேள்வியை வண்ணாரப்பேட்டையிடமே கேட்கலாம். அது தொழிலால் பிறந்த ஊர். தொழில் மாறியபோது தவித்த ஊர். மறுபடியும் தொழிலாலேயே எழுந்த ஊர்.

வெயிலில் காய்ந்த துணி

கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக்கு எதற்காக வந்தார்கள்? துணி வாங்க வந்தார்கள்! இங்கே நெய்த துணிக்குச் சீமையில் அவ்வளவு கிராக்கி.

தறியிலிருந்து அறுத்த துணியை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. அதில் கஞ்சி இருக்கும். நிறம் மங்கலாக இருக்கும். அதைத் துவைத்து, வெளுத்து, வெயிலில் உலர்த்தி, பளிச்சென்று ஆக்க வேண்டும். இந்த வேலையைச் செய்த சலவைத் தொழிலாளர்கள் கோட்டைக்கு வடக்கே குடியேறினார்கள். அவர்களால் வந்த பெயர்தான் வண்ணாரப்பேட்டை.

நெசவாளர்களும் வந்தார்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்தவர் காலட் துரை. அவர் திருவொற்றியூர் அருகே நெசவாளர்களைக் குடியேற்றினார். காலட்பேட்டை என்ற அந்த ஊர், பேச்சு வழக்கில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. அங்கே யாருடைய காலடியும் கிடையாது!

கை நிறைய வேலை இருந்தது. பிறகு என்ன நடந்தது?

சீமையில் எந்திரங்கள் துணி நெய்யத் தொடங்கின. 19-ம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. எந்தக் கடல் வழியாக நம் துணி போனதோ, அதே வழியாக எந்திரத் துணி இங்கே வந்து இறங்கியது. விலையும் மலிவு. ஆயிரக்கணக்கான தறிகள் ஓய்ந்தன.

நெசவாளியின் கைத்திறமை குறைந்துவிட்டதா? இல்லை. தகப்பன், பாட்டன் காலத்துத் திறமை அப்படியேதான் இருந்தது. அப்படியே இருந்ததுதான் சங்கடம்!

நாடா பறந்தது

இந்த நிலையில்தான் வண்ணாரப்பேட்டையில் ஒருவர் தோன்றினார். அவர்தான் பிட்டி தியாகராயர். தியாகராயச் செட்டியார் என்றும் சொல்வார்கள். சென்னையில் தியாகராய நகர் இருக்கிறதே, அது அவர் பெயரால் அமைந்ததுதான்.

1852-ம் ஆண்டு நெசவுத் தொழில் செய்த தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். பி.ஏ. பட்டம் பெற்றவர். அந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சர்க்கார் உத்தியோகம் காத்துக்கொண்டிருக்கும். ஆனால் அவர் குடும்பத் தொழிலை விடவில்லை. அதைப் பழைய மாதிரியே வைத்திருக்கவும் இல்லை.

வண்ணாரப்பேட்டையில் அவருக்குச் சொந்தமான நெசவுக்கூடம் இருந்தது. சுமார் 100 தறிகள். அவற்றில் அவர் விசைநாடாவைப் பொருத்தினார்.

விசைநாடா என்றால் என்ன?

பழைய குழித்தறியில், நெசவாளி நாடாவை ஒரு கையால் எறிந்து மறுகையால் பிடிப்பார். பாவுக்குள் ஊடை நூல் இப்படித்தான் ஓடும். கை எட்டும் அகலத்துக்குத்தான் துணி நெய்ய முடியும். 1733-ம் ஆண்டில் ஜான் கே என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். தறியின் இரண்டு பக்கமும் ஒரு பெட்டி. நடுவில் ஒரு கயிறு. கயிற்றைச் சுண்டினால் நாடா பறந்து அந்தப் பக்கம் போகும். மறுபடி சுண்டினால் இந்தப் பக்கம் வரும். வேலை மிக வேகமாக நடக்கும். அகலமான துணியும் நெய்யலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தறியில் உட்காருகிறவருக்கு அது எளிதா? சின்ன வயது முதல் பழகிய கை, வேறு மாதிரி பழக வேண்டும். முதல் சில நாள் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தால் அன்றைய கூலி போச்சு! "நமக்கு எதற்கு இந்த வம்பு? அப்பா செய்த மாதிரியே செய்துவிட்டுப் போவோம்" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இந்த இடத்தில்தான் ஒரு தலைவன் வேண்டும். 'புதுத் தறி நல்லது' என்று மேடையில் பேசுவது சுலபம். தன் சொந்த முதலைப் போட்டு, தன் சொந்தக் கூடத்தில், கண் எதிரே ஓட்டிக் காட்டுவது வேறு. தியாகராயர் ஓட்டிக் காட்டினார்.

ஒரு அணா சோறு

தலைவன் என்றால் மாலை போட்டுக்கொள்பவன் என்று பலர் நினைக்கிறார்கள். தியாகராயரின் வாழ்க்கையைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

1882-ல் அவர் சென்னை மாநகராட்சியில் உறுப்பினரானார். சுமார் 40 ஆண்டுகள் அங்கே பணி செய்தார். சாக்கடை, குடிதண்ணீர், தெருவிளக்கு, பள்ளிக்கூடம்... எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் மாநகராட்சியின் தலைவர் பதவி வந்தது.

அப்போது ஆயிரம்விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். காரணம் பசி. 1920-ம் ஆண்டு செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு மதியம் உணவு கொடுப்பது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் செலவு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது. உணவு வந்தது. பிள்ளைகளும் வந்தார்கள்!

அதே 1920-ல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்தது. தியாகராயர் தோற்றுவித்தவர்களில் ஒருவரான நீதிக்கட்சி வென்றது. மந்திரிசபை அமைக்கும்படி கவர்னர் அவரை அழைத்தார். அவர் என்ன செய்தார்? 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். வீடு தேடி வந்த முதல் மந்திரி பதவியைத் திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1925-ல் தியாகராயர் காலமானார். அவர் பெயரில் 1950-ல் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. அதுதான் சர் தியாகராயா கல்லூரி.

மாணவன் வாத்தியாருக்கு விற்றான்!

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு வடசென்னையின் முகம் மாறியது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். பிறகு லேலண்டு லாரிகள். 1955-ல் அதன் பெயர் அசோக் லேலண்டு ஆயிற்று.

அதே 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனி, இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. நம் நாட்டில் புல்லட் மோட்டார் சைக்கிள் உருவானது அங்கேதான்.

முதலில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. நம் ஆட்கள் அவற்றைப் பூட்டினார்கள். ஆனால் 'பூட்டுகிற வேலை தெரிந்துவிட்டது, போதும்' என்று நின்றுவிடவில்லை. வரைபடத்தைப் படிக்கக் கற்றார்கள். அச்சு செய்யக் கற்றார்கள். பாகங்களை இங்கேயே கடைந்தார்கள். பெட்ரோல் தொட்டியில் இருக்கும் பொன்னிறக் கோட்டைக்கூடக் கையில் தூரிகை பிடித்து, நடுக்கம் இல்லாமல் இழுத்தார்கள்.

1967-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்பீல்டு தொழிற்சாலை மூடப்பட்டது. திருவொற்றியூர் தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருந்தது. 1977-ல் திருவொற்றியூர் புல்லட், கப்பல் ஏறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது!

இரண்டு பையன்கள்

இப்போது ஒரு பட்டறையை மனக்கண் முன் கொண்டுவாருங்கள். ஒரே பயிற்சி நிலையத்தில் படித்த இரண்டு பையன்கள். ஒரே மார்க். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருவரும் லேத்தில் நிற்கிறார்கள்.

கடைகிற துண்டின் அளவு கொஞ்சம் கூடுகிறது. முதல் பையன் பார்க்கிறான். 'நமக்கு என்ன? சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார்' என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறான். சாயங்காலம் ஒரு கூடை துண்டு வீண்!

இரண்டாவது பையன் மிஷினை நிறுத்துகிறான். மூத்தவர் ஓடி வருகிறார்.

"என்ன தம்பி, ஏன் நிறுத்திட்டே?"

"அண்ணே, காலையிலேர்ந்து மூணு துண்டு அளந்தேன். ஒவ்வொண்ணுலயும் அளவு கூடிக்கிட்டே வருது. டூல் தேய்ஞ்சிருக்குன்னு நினைக்கிறேன். எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

மூத்தவர் சீட்டை வாங்கிப் பார்க்கிறார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் புதுப் பையன்கள் நாலு பேர் வரும்போது, "இவன்கிட்ட போய் நில்லுங்க" என்பார்.

இரண்டு பேருக்கும் லேத் ஓட்டத் தெரியும். இரண்டாவது பையனிடம் கூடுதலாக இருந்தது என்ன? அளந்தான். எழுதினான். பயப்படாமல் எடுத்துச் சொன்னான். யார் மேலும் பழி போடவில்லை. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆனால் இதைத்தான் பல வீடுகளில் நாம் பிள்ளைகளுக்குப் பழக்குவதே இல்லை. பெரியவர்கள் முன்னால் வாய் திறந்தால் "சும்மா இருடா" என்று அடக்கிவிடுகிறோம். அப்படி அடங்கியே வளர்ந்த பிள்ளை, இன்டர்வியூவில் மட்டும் எப்படிப் பேசும்?

இரும்புப் பெட்டி வந்தது

துறைமுகத்தின் கதையும் இதுதான். ஒரு காலத்தில் கப்பல் வந்தால் ராயபுரம் முழுவதும் வேலை. கையில் கொக்கி, முதுகில் மூட்டை. மேஸ்திரி குரல் கொடுக்க, ஆட்கள் வரிசையாகச் சுமப்பார்கள்.

1983-ம் ஆண்டு டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 20 அடி, 40 அடி நீளமுள்ள இரும்புப் பெட்டிகள். உள்ளே ஆயிரம் மூட்டை இருந்தாலும் கிரேன் ஒரே தூக்காகத் தூக்கி லாரியில் வைத்துவிடும். முதுகின் பலத்துக்கு வேலை குறைந்தது. கிரேன் ஓட்டுகிறவர், மின்சாரம் பார்க்கிறவர், பெட்டியின் எண்ணைக் கம்ப்யூட்டரில் பதிகிறவர் தேவைப்பட்டார்கள்.

உழைத்த முதுகுகளுக்கு இது சுலபமான மாற்றமாக இருக்கவில்லை. 50 வயதில் ஒருவர் கிரேன் கற்க முடியுமா? அதனால்தான், கற்கும் வயதில் இருக்கும் பிள்ளைகள் விஷயத்தில் இவ்வளவு கவலை.

ஏணி இருக்கிறது

ஐ.டி.ஐ. என்றால் 'படிப்பு வராத பையன் போகிற இடம்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு!

தொழிற்பயிற்சித் திட்டம் 1950-ல் நாடெங்கும் தொடங்கப்பட்டது. வடசென்னைக்கும் ஓர் அரசு தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. பிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் படிப்புகள் 2 ஆண்டு. வெல்டர் 1 ஆண்டு. படிப்பு முடிந்ததும் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் ஆகலாம். தொழிற்சாலைகள் அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும், அவர்களுக்கு மாத உதவித்தொகை தர வேண்டும் என்று 1961-ல் சட்டமே வந்துவிட்டது.

அதோடு நிற்க வேண்டியதும் இல்லை. பத்தாம் வகுப்போடு 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால், பி.இ. படிப்பிலும் நேரே இரண்டாம் ஆண்டு. இந்த ஏணி பல தாய்மார்களுக்குத் தெரியாது.

பெண்களுக்கும் இந்த ஏணிதான். வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ ரயில் 2019-ல் வந்தது. 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டது. சென்னையில் மெட்ரோ ஓடத் தொடங்கிய 2015-ம் ஆண்டு, முதல் நாள் முதல் ரயிலை ஓட்டியதே ஒரு பெண்தான்! அவர் டிப்ளமோ படித்தவர்.

பேசவும், கணினி பழகவும், இன்டர்வியூவுக்குத் தயாராகவும் மாணவர்களுக்குக் கற்பிக்க, தமிழக அரசு 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டிலும் ஐ.டி.ஐ. படிப்பும் சேர்த்தி.

ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பு, பத்தாம் வகுப்பு முடிவை ஒட்டி வரும். போகும்போது மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். பையனோ பெண்ணோ, பிள்ளையையும் கூடவே அழைத்துப் போங்கள். எந்தத் தொழில் வேண்டும் என்று அங்கே கேட்பார்கள். அதற்குப் பிள்ளையே பதில் சொல்லட்டும்.