இசைத்தட்டுகளைத் துலக்கும் முறை

ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியேறிய நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், பரண்மீதுள்ள பெட்டியில் பாட்டனார் காலத்து இசைத்தட்டுகள் இன்றும் உறங்குகின்றன. அவற்றை இறக்கித் துடைக்க எண்ணும் அன்பர்கள் முதலில் ஒன்றை அறிதல் வேண்டும். தட்டுகள் யாவும் ஒரே பொருளால் ஆனவை அல்ல.

நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கினால் ஆனவை, கனமானவை, கீழே விழுந்தால் உடைபவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் மரத்திற்கு மெருகு பூசுவதும் அவ்வாறு கரைத்துத்தானே! இதனை அறியாத காலத்தில், தியாகராஜ பாகவதர் பாடிய தட்டொன்றை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சினால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு அகல்கிறதென்று மகிழ்ந்து மேலும் தேய்த்தேன். அகன்றது அழுக்கன்று, பாட்டு. என் தாயார் ஒன்றும் கூறவில்லை. அது அவருடைய தந்தையார் வாங்கிய தட்டு.

வினைல் தட்டு 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 33⅓ சுற்று நெடுந்தட்டின் வழிவந்தது. 1963-இல் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் பாடி வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் இவ்வகையதே. இதன் வரிப்பள்ளங்கள் மயிரிழையளவே அகலமுடையவை. அவற்றில் தங்கிய தூசியை ஊசி உழுது செல்லும்போது பள்ளத்தின் சுவரே தேய்கிறது. ஆதலின், தட்டை ஒலிக்கவிடுமுன் ஒவ்வொரு முறையும் மெல்லிய தூரிகையால் வட்டமாகத் தூசியை அகற்றுக. குறுக்கே துடைத்தல் ஆகாது.

பிசுக்குப் படிந்திருப்பின் நீர் வேண்டும். நம் நகரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பெரிதும் கடினமானது. உலர்ந்தபின் சுண்ணாம்பு பள்ளத்தில் தங்கிச் சடசடவென ஒலிக்கும். பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரே உகந்தது. அதில் மணமற்ற பாத்திரச் சோப்புத் திரவம் இரண்டொரு துளி கலந்து, பஞ்சுபோன்ற மைக்ரோஃபைபர் துணியால் வரியின் போக்கிலேயே துடைத்து, வெறும் வடிநீரால் அலசுக. நடுவிலுள்ள காகித முத்திரை நனையலாகாது. அரக்குத் தட்டையும் இங்ஙனமே துடைக்கலாம். ஆனால் ஊறவிடாது உடனே ஒற்றியெடுத்தல் வேண்டும்.

நிழலில் நிறுத்தி உலர்த்துக, வெயில் வேண்டா. 40 பாகையைத் தாண்டும் இவ்வூர்க் கோடையில் சன்னலோரத்தில் சாய்த்த தட்டு மாலைக்குள் அப்பளம்போல் நெளிந்துவிடும். அடுக்கிலும் படுக்கவையாது, நூல்களைப்போல் நிமிர்த்தியே வைக்க வேண்டும்.

அந்தப் பாகவதர் தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. விளிம்பைத்தான் தேய்த்திருந்தேன். முதல் அரை நிமிடம் வெறும் இரைச்சல். அதன்பின் குரல் தெளிகிறது.