ஹாஸ்டலில் ஒருவருக்கு ஃப்ளூ... பரவாமல் தடுக்க என்ன செய்யலாம்?

மூன்று பேர் தங்கும் ஹாஸ்டல் அறை. ஒருவருக்கு ராத்திரியில் காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல். காலையில் ஒரு பாராசிட்டமால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுகிறார். ஏன் என்று கேட்டால், ‘அட்டெண்டன்ஸ் குறையுது’, ‘இன்னிக்கு லேப் இருக்கு’, ‘மெஸ்ஸுக்குப் போனாதான் சாப்பாடு’ என்று ஏதாவது ஒரு பதில் வரும். இரண்டு மூன்று நாளில் அறையில் இருக்கும் மற்ற இருவரும் படுத்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் அந்தத் தளமே இருமத் தொடங்கிவிடும்.

வழக்கமான ஃப்ளூ சீசன் என்றால் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். ஆனால், பெரும்பாலான மக்களின் உடலில் எதிர்ப்பு சக்தி இல்லாத புதுவகை ஃப்ளூ வைரஸ் கிளம்பினால் கதையே வேறு. அதுதான் பெருந்தொற்று. அப்படியொன்று வரும்போது, ‘காலேஜுக்கு லீவு விடலாமா?’ என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. காய்ச்சல் வந்த மாணவர், எதையும் இழக்காமல் அறையிலேயே இருக்க முடிகிறதா?

இளைஞர்களைக் குறிவைத்த வைரஸ்

2009-ல் வந்த பன்றிக் காய்ச்சலை, அதாவது ஹெச்1என்1 ஃப்ளூவைப் பலரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு ஜூன் 11-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்ட் மாதம் புனேயில் ஒரு பள்ளி மாணவி இறந்தார். இந்தியாவில் அந்த நோய்க்கு நிகழ்ந்த முதல் மரணம் அது. அதன்பின் அந்த நகரத்தின் பள்ளி, கல்லூரிகள் மூடப்பட்டன.

வழக்கமான ஃப்ளூ வயதானவர்களைத்தான் அதிகம் பாடாய்ப்படுத்தும். ஹெச்1என்1 அப்படி இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய வைரஸ்களைச் சிறுவயதில் சந்தித்திருந்த முதியவர்கள் பலருக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. இளைஞர்களுக்கு அது இல்லை. உலக அளவில் அந்த நோயால் இறந்தவர்களில் சுமார் 80 சதவிகிதம் பேர் 65 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி மதிப்பிட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில், அமெரிக்காவின் புல்மன் நகரில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் வகுப்புகள் தொடங்கின. இரண்டே வாரத்துக்குள் 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஃப்ளூ அறிகுறிகளோடு பல்கலைக்கழக மருத்துவப் பிரிவைத் தொடர்புகொண்டார்கள். விடுமுறை முடிந்து ஊர் ஊராக வந்து சேர்ந்தவர்கள் ஒரே அறை, ஒரே சாப்பாட்டுக்கூடம், ஒரே பார்ட்டி என்று கலந்தால் வைரஸுக்குக் கொண்டாட்டம்தானே! ஆனாலும், அங்கே வகுப்புகளை மூடவில்லை. பெரும்பாலோருக்குப் பாதிப்பு லேசாக இருந்ததால், காய்ச்சல் வந்தவர்களை அறையிலேயே ஓய்வெடுக்கச் சொன்னார்கள். தெர்மாமீட்டர், மாத்திரை போன்றவை அடங்கிய பை ஒன்றையும் கொடுத்தார்கள்.

அட்டெண்டன்ஸும் ஒரு மருந்துதான்!

அதே ஆகஸ்டில் சி.டி.சி கல்லூரிகளுக்கென்றே ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. காய்ச்சல் மாத்திரை போடாமலேயே உடல் சூடு தணிந்து, அதன்பின் 24 மணி நேரம் ஆகும்வரை மாணவர் வகுப்புக்கு வரக் கூடாது என்றது. மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்கும், வைரஸ் போய்விடாது என்பதுதான் இதற்குக் காரணம். ஃப்ளூ வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்பலாம். அறிகுறி வந்த பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரைகூடப் பரப்பலாம். முதல் மூன்று நான்கு நாள்களில்தான் ஆபத்து அதிகம்.

அந்த வழிகாட்டுதலில் இன்னொரு முக்கியமான ஆலோசனையும் இருந்தது. ‘லீவு எடுத்ததற்கு டாக்டர் சர்டிஃபிகேட் கேட்காதீர்கள்’ என்பதுதான் அது. பெருந்தொற்று நேரத்தில் மருத்துவமனைகள் நிரம்பி வழியும். வெறும் சான்றிதழுக்காக அங்கே வரிசையில் நிற்பவர், தன் நோயை அங்கே பரப்புவார். இல்லையென்றால், புதிதாக ஒன்றை வாங்கி வருவார்.

நம் ஊரில் பல கல்லூரிகளில் தேர்வு எழுத 75 சதவிகித வருகைப்பதிவு வேண்டும். காய்ச்சலோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் அந்தக் கணக்குக்குப் பயந்து வந்தவர்கள்தான். ‘உடம்பு சரியில்லையா, ஒரு மெசேஜ் அனுப்பு, அறையிலேயே இரு, அட்டெண்டன்ஸ் பற்றிக் கவலைப்படாதே, லேபையும் டெஸ்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று கல்லூரி சொன்னால், அதுவே பாதி தடுப்பு நடவடிக்கை.

சாப்பாடு அறைக்கு வரட்டும்

மீதிப் பாதி, மெஸ்ஸில் இருக்கிறது. 2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி வளாகத்தில் 100-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு கொரோனா தொற்று உறுதியானது. அப்போது ஒரேயொரு மெஸ் மட்டும் இயங்கியதும், எல்லோரும் அங்கே கூடியதும் பேசப்பட்டன. பிறகு மெஸ்ஸை மூடிவிட்டு அறைகளுக்கே பார்சல் சாப்பாடு கொடுத்தார்கள். அது வேறு வைரஸ்தான். ஆனால், இருமலிலும் மூச்சிலும் பரவும் எந்த நோய்க்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

இங்கே உதவும் எளிய யோசனை ஒன்றும் அதே சி.டி.சி வழிகாட்டுதலில் இருக்கிறது. ‘ஃப்ளூ நண்பர்’ திட்டம். செமஸ்டர் தொடங்கும்போதே மாணவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ள வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மற்றவர் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைப்பார், மருந்து வாங்கித் தருவார், காலையும் மாலையும் போனில் விசாரிப்பார், நிலைமை மோசமானால் வார்டனுக்குச் சொல்வார். செலவே இல்லாத திட்டம். அறையில் தனியாகக் கிடக்கும் பிள்ளையின் நிலைமை மோசமாவது யாருக்குமே தெரியாமல் போகும் ஆபத்தும் இதனால் குறையும்.

ஹாஸ்டல்களில் செய்யக்கூடிய மற்ற விஷயங்கள்:

* காய்ச்சல் வந்தவர்களுக்கு என்று தனியாகச் சில அறைகளை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம். முடிந்தால் தனிக் கழிவறையோடு.
* தனி அறை கிடைக்காவிட்டால், கட்டில்களை முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும். ஒருவர் தலை வைக்கும் பக்கம் பக்கத்துக் கட்டில்காரர் கால் நீட்டட்டும். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.
* டம்ளர், வாட்டர் பாட்டில், துண்டு ஆகியவற்றைப் பகிர வேண்டாம்.
* கை கழுவும் இடத்தில் எப்போதும் சோப்பு இருக்கிறதா என்று தினமும் ஒருவர் பார்க்க வேண்டும்.

மாஸ்க் மட்டும் போதுமா?

இதற்கு விடை தேடி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் 2006-07 ஃப்ளூ சீசனில் ஓர் ஆய்வு நடந்தது. 1,400-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் மாஸ்க் மட்டும் அணிந்தார்கள். இன்னொரு பிரிவினர் மாஸ்க் அணிந்ததோடு சானிடைசரால் கையையும் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது பிரிவினர் இரண்டையும் செய்யவில்லை. அவர்களோடு ஒப்பிடும்போது, மாஸ்க், கைச்சுத்தம் இரண்டையும் கடைப்பிடித்தவர்களிடம் நான்காவது வாரத்திலிருந்து ஃப்ளூ போன்ற காய்ச்சல் 35 முதல் 51 சதவிகிதம் வரை குறைந்தது. மாஸ்க் மட்டும் அணிந்தவர்களிடம் அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. ஆக, இரண்டும் சேர்ந்தால்தான் பலன். அதுவும் பரவல் தொடங்கும்போதே ஆரம்பித்து, விடாமல் செய்ய வேண்டும்.

தடுப்பூசி இருக்கிறதே என்று கேட்கலாம். வழக்கமான ஃப்ளூவுக்கு ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளும் ஊசி நல்ல பாதுகாப்பு. போட்டு இரண்டு வாரம் கழித்துதான் அது வேலை செய்யும் என்பதால், சீசனுக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால், புதிய வைரஸுக்கு ஊசி தயாராக மாதக்கணக்கில் ஆகும். 2009 ஏப்ரலில் அடையாளம் காணப்பட்ட வைரஸுக்கு அமெரிக்காவில் அக்டோபரில்தான் ஊசி போட ஆரம்பித்தார்கள். அதுவரை அறை, உணவு, மாஸ்க், சோப்பு ஆகியவைதான் துணை.

பஸ் ஏற்றி அனுப்பலாமா?

‘காய்ச்சலா, ஊருக்குக் கிளம்பு’ என்று அனுப்பிவிடுவது பல ஹாஸ்டல்களில் வழக்கம். பெற்றோருக்கும் பிள்ளை கண்ணெதிரில் இருந்தால்தான் நிம்மதி. ஆனால், எட்டு மணி நேர ஏசி பஸ்ஸில் இருமிக்கொண்டே வரும் பிள்ளை, பக்கத்து சீட்காரருக்கும் நோயைக் கொடுத்து, வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் கொண்டுவரலாம். சொந்த காரிலோ டாக்ஸியிலோ அழைத்துவர முடிகிற தூரம் என்றால் வரட்டும். இல்லையென்றால் ஹாஸ்டலிலேயே பார்த்துக்கொள்வதுதான் நல்லது.

தீபாவளி நேரத்தில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் ஃப்ளூ அதிகரிக்கும். பிள்ளைகள் கூட்டமாக ஊருக்கு வருவதும் அப்போதுதான்.

டாக்டரிடம் எப்போது?

ஆரோக்கியமான இளைஞர்களுக்குப் பெரும்பாலும் ஓய்வு, நிறைய தண்ணீர், கஞ்சி, பாராசிட்டமால் போதும். ஆன்டிபயாடிக் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால், டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம்.

ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அறிகுறி தெரிந்த உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஃப்ளூவுக்குத் தரப்படும் ஒசல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, நிற்காத வாந்தி, உதடு நீலமாவது, குறைந்த காய்ச்சல் திரும்பவும் அதிகரிப்பது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது நள்ளிரவாகவே இருந்தாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிள்ளையை ஹாஸ்டலில் சேர்க்கும்போது ஃபீஸ், சாப்பாடு, வைஃபை என்று எத்தனையோ விசாரிக்கிறோம். ‘காய்ச்சல் வந்தா எங்கே படுக்க வைப்பீங்க, சாப்பாடு யார் கொண்டுபோய்க் கொடுப்பாங்க, அட்டெண்டன்ஸ் என்னாகும்?’ என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். பதில் இல்லாத கல்லூரிகூட, நாலு பெற்றோர் கேட்டால் யோசிக்கத் தொடங்கும்!