பீரோவுக்குள் எத்தனை லட்சம்?

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வடிந்ததும் கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் தெருக்களில் நனைந்த மெத்தைகளும் ஊறிப்போன மர அலமாரிகளும் சேறு அப்பிய ஃப்ரிட்ஜ்களும் குவிந்து கிடந்தன. கட்டடங்கள் பெரும்பாலும் தப்பி நின்றன. உள்ளே இருந்தவைதான் போயின. எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்தது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. மிக்ஜாமில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தமிழக அரசு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அந்த நேரத்து அவசரத்துக்கு அது உதவியது. ஆனால் வீணாய்ப்போன வாஷிங் மெஷினுக்குப் பதில் புதிது வாங்க அது எந்த மூலைக்கு?

வீட்டுக் காப்பீடு என்றதும் பலருக்குச் சுவரும் கூரையும்தான் நினைவுக்கு வருகின்றன. வங்கிக் கடன் வாங்கியபோது எடுத்த பாலிசி இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அது கட்டடத்துக்கு மட்டும்தான் இருக்கும். வாடகைக்குக் குடியிருப்பவர்களின் நிலை இன்னும் சிக்கல். வீட்டுக்காரர் எடுத்த பாலிசியில் அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்களுக்கு ஒரு பைசா வராது. வாடகைதாரர் தன் பொருட்களுக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்கலாம் என்பது இன்னும் பலரை எட்டவில்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறையில் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டி வெடிப்பது எல்லாம் இதில் அடங்கும். கட்டடத்துக்கும் பொருட்களுக்கும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே ஒதுக்கப்படும். கூடுதலாக வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த 20 சதவீதத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கட்டடத் தொகை என்பது திரும்பக் கட்ட ஆகும் செலவு. மனையின் விலை அதில் சேராது. 800 சதுர அடி ஃபிளாட் ஒன்றைச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் வீதம் கணக்கிட்டால் 20 லட்சம். சந்தையில் அந்த ஃபிளாட் 70 லட்சத்துக்கு விலைபோகலாம். ஆனாலும் பொருட்களுக்குக் கிடைக்கும் ஒதுக்கீடு 4 லட்சம்தான்.

அந்த 4 லட்சம் போதுமா? நான்கு பேர் வசிக்கும் அப்படியொரு வீட்டை அறை அறையாகப் பார்க்கலாம். கூடத்தில் டிவி, சோபா, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் சேர்த்து 1,15,000 ரூபாய். படுக்கையறையில் கட்டில், மெத்தை, ஏசி, பீரோ 1,10,000. பிள்ளைகளின் அறையில் மேசை, கட்டில், லேப்டாப் 95,000. சமையலறையில் ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மிக்சி, அடுப்பு, தண்ணீர் சுத்திகரிப்பான், வெளியே வாஷிங் மெஷின், பரண்மேல் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்கள் சேர்த்து 1,45,000. மொத்தம் 4,65,000. இன்னும் பீரோவைத் திறக்கவே இல்லை.

அங்கேதான் கணக்கு எகிறுகிறது. கல்யாணப் பட்டு, நாத்தனார் சீமந்தத்துக்கு எடுத்தது, தீபாவளிக்குத் தீபாவளி சேர்ந்தவை என்று பத்துப் பட்டுப்புடவைகள். ஒன்று 12,000 என்றாலும் 1,20,000. நான்கு பேரின் மற்ற துணிமணிகள் இன்னொரு லட்சம். ஆக 6,85,000 ரூபாய். தானாகக் கிடைக்கும் தொகையைவிட இது 2,85,000 அதிகம். வீட்டுக்கு வீடு தொகை மாறும். எண்ணும் முறை மாறாது.

எண்ணும்போது வாங்கிய விலையை எழுதக் கூடாது. பத்து வருடத்துக்கு முன் 18,000 கொடுத்து வாங்கிய ஃப்ரிட்ஜை இன்று அதே விலைக்கு யாரும் தர மாட்டார்கள். அதே அளவுள்ளதை இன்று வாங்கினால் என்ன ஆகுமோ அதுதான் கணக்கு.

தொகையைக் குறைத்து எடுத்தால் வேறொரு ஆபத்தும் உண்டு. 8 லட்சம் மதிப்புள்ள பொருட்களுக்கு 4 லட்சம் மட்டும் எடுத்தவருக்கு 2 லட்சம் நஷ்டம் வந்தால், பல பாலிசிகளில் விகிதப்படி வெட்டி ஒரு லட்சம்தான் கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது; சாமானியருக்குச் செய்த பெரிய நன்மை அது. ஆனால் எடுத்த தொகைக்கு மேல் அதிலும் வராது.

நகைக்குத் தனிக் கணக்கு. ஒப்புக்கொண்ட மதிப்பில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணமும் பத்திரங்களும் சாதாரணமாகச் சேராது. திருட்டு விஷயத்திலும் கவனம் தேவை. வெள்ளம், தீ போன்ற விபத்து நடந்து 7 நாட்களுக்குள், அதையொட்டி நடக்கும் திருட்டுக்கு மட்டுமே அடிப்படைப் பாலிசி பொறுப்பேற்கும். ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்தால் அதற்கு வேறு பாலிசி வேண்டும்.

பில்களையெல்லாம் பீரோவிலேயே வைத்திருந்தால், வெள்ளத்தில் பொருளோடு அவையும் ஊறிப்போகும். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு வாசலிலிருந்து பின்கட்டு வரை நடந்துவிடுங்கள். பீரோவையும் பரணையும் திறந்து காட்டுங்கள். டிவி, ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள எண்ணையும் படம் எடுங்கள். எல்லாவற்றையும் வெளியூரில் இருக்கும் தம்பிக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்; அதற்கு முன் இதைச் செய்து முடியுங்கள்.