நம் ஊரை நாமே படம் பிடிப்போம்

மதுரைக்கு யாத்திரை வருகிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் மூன்று படங்களை எடுத்துக்கொண்டு போகிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரம் ஒன்று. திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்கள் ஒன்று. வண்டியூர்த் தெப்பக்குளத்தின் நடுவே நிற்கும் மைய மண்டபம் ஒன்று. ஒரு நாள் தங்கிப் போகிறவர் வேறு எதைக் காண்பார்? அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, பிள்ளை குட்டிகளோடு வாழ்கிற நாமும் அதே மூன்று படங்களோடு திருப்தி அடைந்துவிடுகிறோமே, அதுதான் ஆச்சரியம்!

நம்முடைய மதுரை அந்த மூன்று இடங்களில் மட்டுமா இருக்கிறது? தினந்தோறும் காய்கறி வாங்கும் சந்து, பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பருத்திப் பால் குடித்த தெருமுனை, மாலையில் பூக்கார அம்மாள் மல்லிகைக் கூடையை இறக்கி வைக்கும் வாசற்படி, இவையெல்லாம் சேர்ந்தல்லவா நமக்கு 'நம் ஊர்' என்ற எண்ணத்தைத் தருகின்றன? வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை ஊர் ஞாபகம் வந்து ஏங்கும்போது அவன் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது அந்தத் தெருமுனையாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு படம் உண்டா என்று வீட்டிலுள்ள ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

பழைய ஆல்பங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரிந்திருக்கும். நம் பாட்டனாரும் பாட்டியாரும் படம் எடுத்துக்கொள்வதற்காகப் பட்டுடுத்தி ஸ்டூடியோவுக்குப் போவார்கள். அங்கே சுவரில் ஒரு திரை தொங்கும். அதில் எந்தச் சீமையிலோ உள்ள பூந்தோட்டமும் மாளிகைப் படிக்கட்டும் வர்ணம் தீட்டியிருக்கும். அதன் முன்னால் நின்று அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஒரு நாளும் கால் வைத்திராத அந்தத் தோட்டம் நம் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. ஐம்பது வருஷம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய திண்ணையோ, படத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை!

மதுரையை முதல் முதலில் விரிவாகப் படம் பிடித்தவர்களில் ஒருவர் வெள்ளைக்காரர். லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1856-இல் சென்னை ராஜதானியின் சர்க்கார் போட்டோக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அவர் மதுரையில் வேலை செய்தார். மெழுகு தோய்த்த காகிதத்தையே நெகட்டிவாக வைத்துப் பெரிய பெரிய படங்களை எடுத்தார். கோயில், மகால், தெப்பக்குளம் எல்லாம் அவற்றில் அற்புதமாக விழுந்திருக்கின்றன. மகால் அப்போது பாழடைந்து கிடந்தது. பின்னால் நேப்பியர் பிரபு சென்னைக் கவர்னராக இருந்த 1866 முதல் 1872 வரையிலான காலத்தில்தான் அதைப் பழுது பார்க்க முயற்சி செய்தார்கள். அதற்கு முந்திய கோலத்தை இன்று நாம் அறிய இந்தப் படங்களும் உதவுகின்றன.

ஆனால் டிரைப் வருவதற்குள்ளேயே ஒரு பெரிய பொருள் மறைந்துபோயிருந்தது. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலைக் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து அகழியையும் தூர்த்துவிட்டார். மதில் இருந்த இடத்தை ஒட்டித்தான் இன்றைய வெளி வீதிகள் உண்டாயின. அந்தக் கலெக்டரின் ஞாபகார்த்தமாக ஒரு விளக்குத் தூண் நாட்டினார்கள். 'விளக்குத்தூண்' என்றே அந்தப் பேட்டைக்கு இன்றளவும் பெயர். டிரைப் அந்தத் தூணைப் படம் பிடித்தார். ஆகவே கோட்டையை இடித்தவருடைய தூணுக்குப் படம் இருக்கிறது. கோட்டை இருந்த கோலத்தில் அதைக் காட்டும் படம் அவர் எடுத்தவற்றில் இருக்க வழியில்லை. காமிரா சில வருஷம் தாமதித்து வந்ததன் பலன் இது!

இன்னொரு விஷயமும் அந்தப் படங்களில் கவனிக்கத் தக்கது. தூண்கள் இருக்கின்றன, ஜனங்களைக் காண்பது அரிது. அக்காலத்துக் காமிராவுக்கு வெகுநேரம் ஒளி வேண்டியிருந்ததால், நடமாடும் மனிதர் அதில் பதிய மாட்டார். கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தையும் டிரைப் எடுத்திருக்கிறார். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. ஆனால் நமக்குத் தெரிந்த புது மண்டபம் அதுவா?

நமக்குத் தெரிந்த புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் ஒரு தையல் இயந்திரம் கடகடவென்று ஓடும். ஒரு பக்கம் பித்தளைப் பாத்திரம், ஒரு பக்கம் வளையல், ஒரு பக்கம் பஞ்சாங்கமும் பாடப் புஸ்தகமும். நாயக்க மன்னர்கள் சிலை வடிவில் தூண்களில் நின்று, கீழே தையற்காரர் ரவிக்கைக்கு அளவெடுப்பதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் கேட்க வேண்டியதில்லை. கள்ளழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் உடுத்தும் வர்ண வர்ணமான உடைகள் அங்கேதான் தயாராகும்.

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அருகிலுள்ள வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதன் பிறகு, கோயிலைச் சார்ந்த மண்டபங்களில் கடைகள் கூடாது என்ற எண்ணம் வலுத்தது. புது மண்டபத்துக் கடைகளும் குன்னத்தூர்ச் சத்திரத்தில் எழுப்பிய புதிய கட்டடத்துக்கு மாறின. சிற்பங்களைக் காப்பாற்ற வேண்டியது அவசியம்தான். அதை ஆட்சேபிக்க மாட்டோம். ஆனால் தூணின் அடியில் இயந்திரம் மிதித்துக்கொண்டிருந்த அந்தத் தையற்காரருடைய படம், அவரிடம் தலைமுறை தலைமுறையாகத் துணி தைத்துக்கொண்ட எத்தனை வீடுகளில் இருக்கிறது? சிற்பத்தை நூறு பேர் எடுத்தார்கள். தையற்காரரை நாம்தான் எடுத்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் யார் என்று நமக்குத்தான் தெரியும்.

தெப்பக்குளத்தின் கதையும் இப்படியே. நெடுங்காலம் அது தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் நீரைக் கண்டு, மற்ற நாட்களில் வறண்டு கிடந்தது. பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். அண்மைக் காலத்தில் வைகை நீரைக் கால்வாய் வழியே கொண்டுவந்து நிரப்பினார்கள். அந்த நீரைக் கண்டு மகிழாத மதுரைக்காரர் உண்டா? இருந்தாலும், குளத்துக்குள் சிக்சர் அடித்த கதையைப் பேரனிடம் சொன்னால் அவன் நம்ப வேண்டுமே! கெடுதலான மாறுதல்தான் ஓர் இடத்தை அழிக்கும் என்பதில்லை. நல்ல மாறுதலும் அழிக்கும்.

மாறுதல் சொல்லிவிட்டு வருவதும் இல்லை. தங்கம் தியேட்டர் 1952-இல் 'பராசக்தி' படத்தோடு திறந்தபோது அதன் பெருமையைப் பேசாத வாய் இல்லை. இன்று அந்த இடத்தில் துணிக்கடை நிற்கிறது. ஏழுகடல் தெருவின் பெயரில் கடல் இருக்கிறது. பெயருக்குக் காரணமான குளம் இருந்த இடத்தில் இப்போது கடைகள். பெயர் மட்டும் மிஞ்சுவதும் ஒரு பாக்கியம்தான். பெயரே இல்லாத நம் தெருமுனைகளுக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறோம். மதுரைக்காரர்கள் மட்டுமல்ல, எந்த ஊர்க்காரர்களும் செய்யலாம். இப்போது காமிராவுக்கென்று தனிச் செலவு இல்லை. வீட்டுக்கு ஒரு கைப்பேசியாவது இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தார் எல்லோரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஓர் இடம் சொல்லுங்கள். 'இது இல்லாவிட்டால் இந்த ஊர் நம் ஊராகத் தோன்றாது' என்கிற இடமாக அது இருக்க வேண்டும். முதலில் பாட்டியைக் கேளுங்கள். அவர் சொல்லும் இடம் வேறு யாருக்கும் தோன்றியிராது. அதுவே முதலில் மறையக் கூடியதும் ஆகும்.

பிறகு அந்த இடங்களுக்குப் போய்ப் படம் எடுங்கள். உச்சி வெயிலில் போக வேண்டாம். தரையெல்லாம் வெளுத்து, முகங்களெல்லாம் கறுத்து விழும். கிழக்கு நோக்கிய வாசலுக்குக் காலையிலும், மேற்கு நோக்கிய வாசலுக்கு மாலையிலும் போனால் வெயில் இதமாக விழும். திருவிழா நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். திருவிழாவை ஊரே எடுக்கும். சாதாரண நாளை எடுக்கத்தான் ஆள் இல்லை. கூட்டம் விலகட்டும் என்றும் நிற்க வேண்டாம். கடைக்காரர் கல்லாவில் இருக்கட்டும். பூக்கார அம்மாள் தொடுத்துக்கொண்டே இருக்கட்டும். ஆனால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எடுங்கள். அடுத்த வாரம் ஒரு பிரதியை அவர்கள் கையில் கொடுங்கள்.

மிகவும் முக்கியமானது இனிமேல்தான். எடுத்த படத்தைக் கைப்பேசியிலேயே விட்டுவிட்டால், அது ஆயிரம் படங்களுக்கு நடுவே புதைந்துபோகும். கைப்பேசி தொலைந்தால் படமும் தொலையும். பத்துப் படங்களையாவது அச்சிட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் தெருவின் பெயர், தேதி, படத்தில் உள்ளவர் பெயர், அந்த இடம் நமக்கு ஏன் பிரியமானது என்பதற்கு ஒரு வரி, இவ்வளவும் எழுதி வையுங்கள். எழுத்தில்லாத படம் ஐம்பது வருஷத்துக்குப் பிறகு யாரோ ஒருவருடைய தெருவாகிவிடும். எழுத்துள்ள படம் என்றைக்கும் நம் தெருவாகவே இருக்கும். முடிந்தால் வருஷந்தோறும் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்து, பழையதன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

டிரைப் செய்த வேலையைச் செலவு அதிகம் என்று சர்க்கார் சில வருஷங்களிலேயே நிறுத்திவிட்டது. நம் வேலையை நிறுத்த எந்தச் சர்க்காரும் இல்லை; நம் சோம்பல் ஒன்றுதான் உண்டு. பெரிய கோபுரங்களை உலகம் பார்த்துக்கொள்ளும். நம் வீட்டுத் தெருமுனைக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?