குடியை விட்டவர்களின் கூட்டத்தைத் தேடி

மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1, ராஜாஜி ஆட்சி. இன்றைய நாமக்கல் மாவட்டமும் அப்போது சேலத்துக்குள் அடக்கம். கடையை மூடுவதா திறப்பதா என்ற வழக்கு அன்று தொடங்கி இன்னும் ஓயவில்லை. அது ஒரு பக்கம் நடக்கட்டும். விடிந்தால் கை நடுங்குகிற மனிதருக்குக் கடை மூடியிருந்தாலும் துணை வேண்டும், திறந்திருந்தாலும் துணை வேண்டும்.

டயர் ஊரில் ஒரு போன்

அந்தத் துணைக்கான வழி 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் பிறந்தது. நாமக்கல்லுக்கு லாரி எப்படியோ, அன்றைய ஆக்ரனுக்கு அப்படி டயர். வேலையாக அங்கே போன பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகருக்குக் காரியம் கைகூடவில்லை. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த விடுதியிலேயே மதுக்கூடம். உள்ளே போகாமல் போனை எடுத்தார். ஊரிலுள்ள பாதிரியார்களைக் கூப்பிட்டு, ‘என்னைப் போல் குடியில் சிக்கிய யாரிடமாவது பேச வேண்டும்’ என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இருவரும் பேசிப் பேசி உருவானதே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ. 1957இல் இந்தியாவுக்கும் வந்தது.

மருத்துவம் தெரிந்த பாப்புக்கே சக குடிநோயாளி ஒருவரின் பேச்சு தேவைப்பட்டது என்பதை நம் வீடுகளில் அறிவுரை சொல்கிறவர்கள் யோசிக்கலாம். 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் சேர்ந்து தொடர முறையாக ஊக்குவிக்கும் சிகிச்சை, முழுமையாகக் குடிக்காமல் இருப்பதில் மற்ற பேச்சு சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது.

கூட்டத்துக்கு முன் மருத்துவர்

தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. ‘பேய் பிடித்திருக்கிறது’ என்று மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்குகிறார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அன்றே நிறுத்துபவருக்கும் இந்த ஆபத்து உண்டு. கயிறு கட்டட்டும், கூடவே மருத்துவரையும் பார்க்கட்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் மனநலப் பிரிவை அணுகலாம்.

‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கும் மருந்தை மட்டும் தொடாதீர்கள். டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எங்கே விசாரிப்பது?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாள்தான் பலரும் சறுக்கும் நாள். பழைய கூட்டாளிகள் பார்க்க வருவார்கள். ஆகவே வார்டில் இருக்கும்போதே மனநலப் பிரிவின் ஆலோசகரிடம், ‘தமிழில் ஏ.ஏ. கூட்டம் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை?’ என்று கேட்டு வைப்பது நல்லது. ஏ.ஏ. இந்திய அமைப்பின் இணையதளத்திலும் உதவி எண்களிலும் விசாரிக்கலாம். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனம் தளர்ந்து தவிப்பவர்களுக்கு டெலிமானஸ் 14416. கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் மாறும் என்பதால் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு கிளம்புங்கள்.

ராசிபுரத்துக்காரர் ராசிபுரத்திலேயே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிருமுங்க’ என்பவர் பஸ் ஏறிச் சேலம் போகலாம். தறிப்பட்டறையில் வேலை செய்பவர் வார விடுப்பு நாளில் நடக்கும் கூட்டமாகப் பார்க்கலாம். லாரி ஓட்டுநர்களும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வடநாடு போகிறவர்களும் போன ஊரில் விசாரிக்கலாம், இணையவழிக் கூட்டத்திலும் சேரலாம். ஆண்கள் நிறைந்த அறைக்குள் போகத் தயங்கும் பெண்களுக்கும் இணையவழி கைகொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏ.ஏ.வில் கட்டணம் கிடையாது, ஆளைப் பூட்டி வைப்பதும் கிடையாது. பணம் வாங்கித் தங்கவைக்கும் மறுவாழ்வு இல்லம் வேறு. அங்கே சேர்ப்பதற்கு முன் மாநில மனநல ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

பெரும்பாலும் பள்ளி வகுப்பறை அல்லது தேவாலய வளாகத்து அறை. அதைப் பார்த்து மதம் மாற்றுகிறார்களோ என்று சிலர் மிரள்கிறார்கள். வாடகை குறைவு, அவ்வளவுதான். பிரார்த்தனை உண்டு, ஆனால் எந்தச் சாமி என்பது அவரவர் விருப்பம். ஒருவர் பின் ஒருவராகத் தன் கதையைச் சொல்வார்கள், யாரும் குறுக்கே பேசுவதில்லை. பேச விருப்பமில்லாவிட்டால், ‘இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்’ என்றால் போதும். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். வாழ்நாள் சத்தியம் எதுவும் வாங்க மாட்டார்கள். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பதுதான் கணக்கு. முழு முகவரி கேட்பதில்லை. அங்கே யாரைப் பார்த்தோம் என்பதை வெளியே சொல்வதுமில்லை.

முதல் கூட்டம் ஒட்டவில்லை என்றால் வேறு கூட்டம் பாருங்கள். நடுவில் ஒருநாள் குடித்துவிட்டாலும் மறுபடி போகலாம், கதவைச் சாத்துவதில்லை.

வீட்டார் செய்யக்கூடியது

கணவருக்குக் கூட்டம் தேடி அலையும் மனைவி, அவர் வர மறுத்ததும் சோர்ந்துபோகிறார். அந்த மனைவிக்கென்றே கூட்டம் இருப்பது பலருக்கும் தெரியாது. பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய அல்-அனான், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கானது. கணவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் மனைவி போகலாம், அம்மா போகலாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அல்-அட்டீன் என்று தனிக் குழு உண்டு. ஏ.ஏ. கூட்டம் எங்கே என்று கேட்கும் அதே போனில், அல்-அனான் எங்கே என்றும் கேட்டுவிடுங்கள்.