மோட்டார் காரின் மூக்கு

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ உங்களுக்கு உறவினர் வீடு இருந்தால், அடுத்த முறை அங்கே போகும்போது ஜன்னல் விளிம்பை விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். அன்று காலையில்தான் துடைத்திருப்பார்கள். ஆனாலும் விரல் நுனி கறுத்துவிடும். இந்தக் கரியும் புழுதியும் கலந்த காற்றைத்தான் அந்தப் பகுதி மக்கள் சுவாசிக்கிறார்கள். அங்கே ஓடும் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன.

எஞ்சின் சுவாசிக்கிறதா என்று கேட்பீர்கள். ஆம், நம்மைவிடப் பன்மடங்கு பேராசையோடு! ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். ஆக, தேவையான காற்று 10.9 கிலோகிராம். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.17 கிலோகிராம் அளவில் இருக்கும். வகுத்துப் பாருங்கள். 9 கன மீட்டருக்கு மேல், அதாவது 9300 லிட்டர் காற்று! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஒரு சிறு அறை நிறையக் காற்று போய்விடுகிறது.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 லிட்டர் காற்றை இழுக்கிறார். ஒரு நாளைக்கு இது 10,000 லிட்டர். ஒரு மனிதரின் ஒரு நாள் மூச்சும் ஒரு லிட்டர் பெட்ரோலின் மூச்சும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இந்த ஒப்பீட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

வட சென்னைக்கும் மோட்டார் எஞ்சினுக்கும் பழைய உறவு உண்டு. 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில்தான் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி அனுப்பியது. அதுவே 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955இல் பிறந்த என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்தது. செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அந்த ஓடுதளத்தில்தான் கார்ப் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்த பிறகே சோழவரத்தின் இரைச்சல் ஓய்ந்தது.

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் நல்ல உதாரணம். நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு இது நெருங்கிய சொந்தம். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 1147 கன செ.மீ. எஞ்சினைப் பொருத்தி, இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்களை மாட்டினால் ஸ்பிட்ஃபயர்! நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் என்றால் 3000 முறை. 3000ஐ 1.147ஆல் பெருக்கினால் 3400 லிட்டருக்கு மேல் வருகிறது. நடைமுறையில் சற்றுக் குறையும் என்றாலும், நானூறு ஐந்நூறு பேர் ஒரே அறையில் மூச்சு விடுவதற்குச் சமம்.

அந்தக் காற்றோடு வரும் தூசி என்ன செய்யும்? உருளைக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் உள்ளன. ரிங்குக்கும் உருளைச் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அதன் கனம் சில மைக்ரான்தான். தலைமுடியின் கனமே 70 மைக்ரான் அளவில் உள்ளது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். படலத்தைவிடச் சிறிய தூசி எண்ணெயோடு மிதந்து போய்விடும். மிகப் பெரிய மணலை எப்படியும் தடுத்துவிடலாம். படலத்தின் கனத்தை ஒட்டி, 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ள துகள்தான் வில்லன். இரண்டு உலோகங்களையும் ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டு அது உருளும்.

தூசியிலும் எல்லாம் ஒன்றல்ல. ஜன்னலைக் கறுப்பாக்கும் நிலக்கரித் தூள் பார்வைக்குத்தான் பயங்கரம், அது மிருதுவானது. சாலைப் புழுதியில் உள்ள குவார்ட்ஸ் மணலோ மோ கடினத்தன்மை அளவில் 7. எஃகுக் கத்தியே 5.5 அளவில்தான் நிற்கிறது. அனல் மின் நிலையச் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் கலந்த கண்ணாடிக் குண்டுகள் உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு தேய்ப்பதில்லை, அரிக்கும். இவை நான்கும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் வட சென்னை.

இனி வடிகட்டிக்கு வருவோம். ஏர் ஃபில்டர் மாவுச் சல்லடையைப் போல வேலை செய்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அதன் இழைகளுக்கு இடையே உள்ள பல சந்துகள் தூசியைவிடப் பெரியவை. பிறகு எப்படித் தூசி சிக்குகிறது? பஸ் வேகமாகத் திரும்பும்போது நிற்கும் பயணிகள் பக்கத்தில் சாய்கிறார்கள் அல்லவா? காற்று இழையைச் சுற்றி வளைந்து போகிறது. கனமான துகள் வளைய முடியாமல் நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. நியூட்டனின் முதல் விதிதான்! இழைக்கு மிக அருகில் போகும் நடுத்தரத் துகள் உரசிச் சிக்கும். மிக நுண்ணிய துகளுக்கோ வேறு கதை. காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அது தள்ளாடும். ஐன்ஸ்டைன் 1905இல் விளக்கிய பிரௌனியன் இயக்கம் இதுவே. தள்ளாடும்போது ஏதாவது ஓர் இழையில் மாட்டிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், நெருக்கமான இழை வடிகட்டிகளில் பிடிபடக் கடினமானது மிகச் சிறிய துகள் அல்ல, 0.3 மைக்ரானை ஒட்டிய இரண்டுங்கெட்டான் துகளே.

பழைய லாரிகளிலும் டிராக்டர்களிலும் இருந்த எண்ணெய்த் தொட்டி வடிகட்டி இதே தத்துவத்தை இன்னும் எளிமையாகப் பயன்படுத்தியது. கீழ்நோக்கி வரும் காற்று, எண்ணெயின் மேல் மோதுவதுபோல் வந்து சட்டென்று மேலே திரும்பும். திரும்ப முடியாத தூசி எண்ணெயில் விழும். தொட்டியைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றினால் போதும். செலவே இல்லாத அருமையான யுக்தி. ஆனால் நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் காகித வடிகட்டியோடு போட்டியிட அதனால் முடியவில்லை.

அப்படியானால் சோழவரம் போன்ற இடங்களில் ஓடிய பந்தயக் கார்கள்? பந்தயக்காரர்கள் வடிகட்டியையே கழற்றிவிட்டு, எக்காளம் போல் வாய் விரிந்த குழல்களைப் பொருத்துவதுண்டு. காற்றுக்குத் தடை குறையும், சக்தி கொஞ்சம் கூடும். பந்தயம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்பவருக்குத் தேய்மானம் ஒரு பொருட்டல்ல. இதைப் பார்த்துவிட்டுத் தெருவில் ஓட்டும் வண்டியிலும் வடிகட்டியைக் கழற்றுகிற அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். காற்று கூடினால் கலவை நீர்த்துப்போகும். கார்புரேட்டரின் ஊசியையும் மாற்றாவிட்டால் சக்தி கூடாது, எஞ்சின் சூடாகத்தான் செய்யும். தவிர, எஞ்சின் சில சமயம் கார்புரேட்டர் வழியாகத் தீயைத் துப்பும். அதைத் தடுத்து நிறுத்துவதும் வடிகட்டியே.

வடிகட்டி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பழைய கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்து பெட்ரோல் மிகும். கரும்புகை வரும். இன்றைய கார்களில் காற்றின் அளவை உணர்ந்து, அதற்கேற்பவே கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தெளிக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வு, புதிய கார்களில் அடைத்த வடிகட்டியால் பெட்ரோல் செலவு குறிப்பிடும்படி கூடுவதில்லை, இழுவைதான் குறைகிறது என்று காட்டியது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

மாற்றுவது கடினமல்ல, பெரியவர் ஒருவரோடு சேர்ந்து நீங்களே செய்து பார்க்கலாம். எஞ்சின் ஆறட்டும். மூடியின் மேலுள்ள விங் நட்டையோ திருகாணிகளையோ கழற்றுங்கள். திறப்பதற்கு முன்பே மூடியின் மேல் உள்ள தூசியை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையும் உள்ளே விழும். வடிகட்டியைத் தூக்கியதும் கார்புரேட்டர் வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் அது பிஸ்டனைப் போய்ப் பார்த்துவிடும்! கூட்டின் உள்புறத்தைத் துடைத்து, ரப்பர் விளிம்பில் விரிசல் உண்டா என்று பார்த்து, புதியதை வையுங்கள். விளிம்பு சரியாகப் படியாவிட்டால், எத்தனை விலை உயர்ந்த வடிகட்டியும் வீண். காற்று சந்து வழியே சுகமாகப் போய்விடும். துணியை எடுக்க மறக்காதீர்கள். பழைய கார்களுக்கு வடிகட்டி கிடைப்பது சிரமமே. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும், கையில் பழையதை வைத்துக்கொண்டு அளவு பார்த்து அலைய வேண்டியிருக்கும்.

அடிக்கடி மாற்றுவதும் தட்டுவதும் ஊதுவதும் நல்லது என்று எண்ண வேண்டாம். புத்தம் புதிய காகிதத்தைவிட, சற்றே தூசி படிந்த காகிதம் நன்றாக வடிகட்டும். படிந்த தூசியும் ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. கம்ப்ரஸர் காற்றை ஓங்கி அடித்தால் காகிதம் கிழியும். பெட்ரோலில் கழுவினால் காகிதத்துக்கும் கேடு, தீ விபத்துக்கும் வழி.

இப்போது அந்தப் பழைய ஒப்பீட்டுக்கு வருவோம். 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள், ஒரு நாள் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டு இந்தியத் தரம். அந்த எல்லையிலேயே காற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், 1000 லிட்டர் பெட்ரோல் எரித்த கார் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தூசியை இழுத்திருக்கும். லாரிகளின் பின்னால் புழுதியில் போனால் இது பன்மடங்காகும். மனிதரோ, மூன்றே ஆண்டுகளில் அதே ஒரு கிராமைச் சுவாசத்தோடு இழுத்திருப்பார். பெரிய தூசியை நம் மூக்கின் மயிரும் சளியும் பிடித்துவிடுகின்றன. இழுத்ததில் கொஞ்சம் வெளியேயும் வந்துவிடும். ஆனால் 2.5 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போகின்றன. விங் நட்டைக் கழற்றி மாற்ற அங்கே வழியில்லை.

அதனால்தான் ராயபுரம் பக்கத்து மக்கள் துறைமுகத்து நிலக்கரித் தூசியைப் பற்றி நெடுங்காலம் முறையிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து, 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது. நிலக்கரி வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ராயபுரத்துக்கு அது ஆறுதல். எண்ணூர்க்காரர்களைக் கேட்டால் வேறு பதில் சொல்வார்கள். 1970இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல் மின் நிலையம் இயங்குகிறது.

உங்கள் தெருக் காற்றில் என்ன இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டில் வாஸ்லைனை மெல்லியதாகத் தடவி, மழை படாத ஜன்னலில் ஒரு நாள் வையுங்கள். பக்கத்து மெக்கானிக் கடையில் கழற்றிப்போட்ட பழைய வடிகட்டி ஒன்றையும் கேட்டு வாங்கி, அதை ஒரு வெள்ளைத் தாளின் மேல் மெல்லத் தட்டுங்கள். தட்டும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் பள்ளி நுண்ணோக்கியில் பாருங்கள். கோணல்மாணலாகக் கறுப்பாக இருப்பது கரி. கூர்மையாகப் பளபளப்பது மணல். உருண்டையான கண்ணாடி மணிகள் தென்பட்டால் சாம்பல். தாளுக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் சில துகள்கள் கூடவே நகரும். அவை இரும்பு கலந்தவை. தாளில் விழுந்த தூசியில் ஒரு சிட்டிகையை எடுத்து, அதில் ஒரு சொட்டு நீர் விட்டு, எந்தத் துகள் கரைந்து மறைகிறது என்றும் கவனியுங்கள். அது கடலிலிருந்து வந்த உப்பாக இருக்கலாம்.