உட்கார்ந்த சிங்கம் எழுந்து நின்றது

மாமல்லபுரத்து வராக மண்டபத் தூண்களின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கத்தைப் பார்த்தால் பயம் வராது. முன்னங்கால்களை ஊன்றி, முதுகைத் தூணோடு சேர்த்து, தலைக்கு மேல் அத்தனை பாரத்தையும் ஏற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் அதன் வாரிசைப் பார்க்கலாம். பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. துதிக்கை முளைத்திருக்கிறது, தந்தம் வந்திருக்கிறது, கண்கள் பிதுங்கி வெளியே நிற்கின்றன. முன்னது 7-ஆம் நூற்றாண்டு, பின்னது 17-ஆம் நூற்றாண்டு. நடுவிலிருந்த சிற்பிகள் எத்தனை தலைமுறை என்று எண்ண முடியாது. அவர்கள் ஒவ்வொருவரும் இந்தப் பிராணியை மறுபடி மறுபடி வரைந்து மாற்றியதன் விளைவுதான் இன்று நாம் யாளி என்று சொல்லும் உருவம்.

சங்கப் புலவர்களுக்கே இந்தப் பிராணியைத் தெரியும். பொருநராற்றுப்படையில் கரிகாலனின் இளமை வீரத்தைச் சொல்ல வந்த புலவர், பால்குடி மறக்காத ஆளிக்குட்டி (யாளியைத்தான் ஆளி என்கிறார்) தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதை உவமையாக்குகிறார். ஆனால் அங்கே பெரிதாகப் பேசப்படுவது அதன் செயல், உருவம் அல்ல. யானையைக் கொல்லும் வலிமை வேண்டும் என்பது மட்டும் தெரியும். அந்த வலிமை எப்படி இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு வரைபவன் தலையில் விழுந்தது.

பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைந்த குகைக்கோயிலின் தூண்கள் வெறும் தூண்கள்தான். அடியும் தலையும் சதுரம், நடுவே எட்டுப் பட்டை, அவ்வளவுதான். பிறகு வந்த மாமல்லபுரச் சிற்பிகள் அந்த அடிச்சதுரத்துக்குள் ஒரு சிங்கத்தை உட்காரவைத்தார்கள். உட்காரவைத்ததற்குக் காரணம் இடம்தான் என்று நினைக்கிறேன். ஒரு சதுரக் கட்டைக்குள் அடங்கவேண்டிய பிராணி உட்கார்ந்துதான் ஆகவேண்டும். பின்னால் வந்த பல்லவ மன்னன் ராஜசிம்மன் காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டியபோது தூணடி மட்டும் போதவில்லை. சுவரின் மூலைகளில் உயரமான அரைத்தூண்கள் வந்தன. உடனே சிங்கம் எழுந்துவிட்டது. அங்கே சுற்றுச் சுவரோரம் நடந்தால் திரும்புகிற பக்கமெல்லாம் முன்னங்கால் தூக்கிய சிங்கங்கள்தான்.

யாளியின் மாற்றங்கள் எல்லாவற்றிலும் இதைத்தான் பார்க்கிறேன். யாரோ ஒருவர் விளையாட்டுக்காகக் கொம்பு வைத்து, துதிக்கை ஒட்டி மாற்றியது இல்லை இது. கட்டடம் புதிதாக ஒரு வேலை கொடுக்கும்போதெல்லாம், அந்த வேலைக்கு ஏற்றபடி பிராணி உடம்பை மாற்றிக்கொண்டது.

சோழர் காலத்தில் அது சுருங்கியது. தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தில், அதாவது அடித்தளத்தில், ஓடுகிற யாளிவரியைப் பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். அங்கே யாளிக்குப் பாரம் தாங்கும் வேலை இல்லை. ஒரு நீண்ட கல்வரிசையைக் கண் வழுக்காமல் நிறுத்திவைப்பதுதான் வேலை. அதனால் தலையும் மார்பும் மட்டும் முன்னே தள்ளி நிற்க, வரிசையாக வருகின்றன. மூலை வந்ததும் மகரத் தலைகள், அவற்றின் வாய்க்குள்ளிருந்து புறப்படும் வீரர்கள். பொறுமையாக நின்று பார்த்தால், ஒன்று போலத் தெரிகிற தலைகள் ஒன்று போல இல்லை என்பது புரியும். ஒன்றின் உதடு மடிந்திருக்கும், அடுத்ததன் பிடரிச்சுருள் வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

தாராசுரத்துச் சோழர் கோயிலில் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். யாளியின் வாயிலிருந்து புறப்படும் ஒரு நீண்ட வளைவு, படியோரமாகச் சரிந்து வந்து கீழே சுருண்டு முடிகிறது. சரிவான ஒரு சுவருக்கு அழகான முடிவு தேவைப்பட்டது. யாளியின் வாயிலிருந்து துதிக்கை போல ஒன்று நீள்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சின்னச் சின்ன மாற்றங்களை ஒழுங்காகத் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய். 1914-இல் வெளியான அவருடைய நூல், கூடு (கூரை விளிம்பில் வரும் வளைவு அலங்காரம்), போதிகை (தூணின் மேல் உத்தரத்தைத் தாங்கும் கட்டை) போன்ற உறுப்புகள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு எப்படி உருமாறின என்பதை வரைந்தே காட்டியது. பல்லவர் கூட்டின் உச்சியில் மண்வெட்டித் தலை போன்ற முடி இருக்கும். சோழர் கூட்டில் அந்த இடத்தில் சிங்கமுகம் வந்து உட்கார்ந்துவிடும். கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் காலம் சொல்ல இந்த வித்தியாசம் உதவுகிறது. அவர் நூல்களை மட்டும் நம்பவில்லை, உளி பிடித்த சிற்பிகளிடமும் கேட்டு எழுதினார் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

சரி, ஒரு சிற்பி ஏன் முந்தையதை அப்படியே நகலெடுக்காமல் மாற்றிக்கொண்டே இருந்தான்? வேலை மாறியது ஒரு காரணம். கல்லே இன்னொரு காரணம். காகிதத்தில் வரைந்தால் கோடு அங்கேயே இருக்கும். கல்லில் அப்படி இல்லை. முதலில் நடுநூல் போட்டு, செங்காவியால் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் உருவத்தைக் கோடு போடுகிறார்கள். உளி முதல் அடுக்கைத் தட்டி எடுத்தவுடன் அந்தக் கோடும் சில்லோடு போய்விடுகிறது. மறுபடி நடுநூல், மறுபடி காவி, மறுபடி உளி. ஒரே ஒரு யாளிக்குள் எத்தனையோ வரைவுகள் பிறந்து அழிகின்றன. ஒவ்வொரு தடவையும் கண்ணை இன்னும் கொஞ்சம் தள்ளலாமா, கடைவாயை இன்னும் கிழிக்கலாமா என்று யோசிக்கக் கைக்கு ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. தெய்வத் திருமேனிகளுக்குத் தாளமானம் என்ற அளவுமுறை கறாரானது. முக நீளத்தில் ஒரு நூலளவு பிசகினாலும் குற்றம். யாளிக்கு அத்தனை கெடுபிடி இல்லாததால் சிற்பியின் மனம் அங்கே தாராளமாகப் புழங்கியது.

விஜயநகர, நாயக்கர் காலத்தில் அந்தத் தாராளம் உச்சத்துக்குப் போனது. திருவிழாக்கள் பெருகின. சுவாமி எழுந்தருளவும் கூட்டம் நிற்கவும் அகலமான மண்டபங்கள் வேண்டியிருந்தன. தூண்களின் இடைவெளி கூடக்கூட மேலே உத்தரத்தைத் தாங்க இருபுறமும் நீண்ட போதிகைகள் தேவைப்பட்டன. அந்த நீட்டத்துக்கு அடியில் தூணை விட்டு முன்னே வந்து நிற்க ஓர் உருவம் வேண்டும். யாளி தூணின் முழு உயரத்துக்கும் எழுந்தது. காலுக்குக் கீழே யானையோ மகரமோ, முதுகில் கடிவாளம் பிடித்த வீரன். சிம்மயாளி, கஜயாளி, மகரயாளி என்று தலை மாற்றி மாற்றி ஒரு வரிசையே உண்டானது.

சில யாளிகளின் வாய்க்குள் ஒரு கல்லுருண்டை கிடக்கும். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. அதை வெளியே செய்து உள்ளே போடவில்லை. வாயைக் குடையும்போதே நடுவில் ஒரு கட்டியை விட்டுவைத்து, பற்களின் சந்து வழியாகச் சிற்றுளியை நுழைத்துச் சுற்றிலும் செதுக்கி, கடைசியில் அடித்தளத்திலிருந்து அறுத்து விடுவிக்கிறார்கள். கை கொஞ்சம் அழுத்தினால் பல் உடையும். பல் உடைந்தால் தூணே வீண். இவ்வளவு துணிச்சலான ஒரு வேலையை எந்தக் காலத்துக் கலைஞனும் பொழுதுபோக்குக்குச் செய்யமாட்டான்.

யாளி கல்லைத் தாண்டியும் போனது. வீணையின் தண்டி முடியும் இடத்தில் வளைந்து கீழ்நோக்கும் யாளிமுகம் பலாமரத்துக்கு ஏற்ப மெலிந்து, மென்மையாகிவிட்டது.

இன்றைக்கு வருவோம். 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியில் இன்றும் பிள்ளைகள் முதலில் பென்சில் பிடித்துப் பழகுகிறார்கள். பட்டறைகளில் உளிச்சத்தத்தோடு கல்லறுக்கும் பிளேடின் சத்தமும் கலந்திருக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. முதுகெலும்பு தேயும் வேலையை மெஷின் எடுத்துக்கொண்டால் நல்லதுதான். வருத்தம் வேறு இடத்தில். பழைய யாளி ஒன்றின் படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, கோட்டைக் கல்லில் மாற்றி, அதே உருவத்தைப் பத்துத் தூணிலும் இறக்கிவிட முடிகிறது. சி.என்.சி. இயந்திரத்துக்கு ஒரு கோப்பு கொடுத்தால் பதினொன்றாவதும் அச்சாக அப்படியே வரும். அழிந்து அழிந்து பிறந்த அந்த நடு வரைவுகள் அங்கே இல்லை. யாளி முதல் தடவையாக மாறாமல் நிற்கிறது.

திரையில் நேர் எதிர். டேப்லெட்டில் வரையும் இளைஞர்கள் ஓர் உருவத்தின் மேல் இன்னொரு அடுக்கைப் போட்டு, கொம்பை நீட்டி, செதிலைச் சேர்த்து, ஒரு மாலைப் பொழுதுக்குள் இருபது யாளி வரைகிறார்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் அதைவிட வேகம். அப்படி வருகிற பலவற்றில் சீனத்து டிராகனின் சாயலோ ஐரோப்பியக் கிரிஃபினின் சிறகோ எட்டிப்பார்க்கிறது. இருபதுக்கும் வேலை ஒன்றுதான்: பார்த்தவுடன் அசத்துவது. எதையும் தாங்கவேண்டியதில்லை என்பதால் எந்த உறுப்பும் எப்படியும் இருக்கலாம். அதனால்தான் இருபதும் சீக்கிரம் மறந்துபோகின்றன.

ஆனால் யாளிக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது என்பதை அனிமேஷன் செய்கிற பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது. இதுவரை யாளி காலெடுத்து நடந்ததே இல்லை. மண்டபத்து யாளி உறைந்த ஒரு பாய்ச்சல், அவ்வளவுதான். நடக்கவேண்டும் என்றால் தோள்பட்டை எங்கே, சிங்கத்தின் இடுப்பு யானைத்தலையின் கனத்தை எப்படிச் சுமக்கும், வாய் திறக்கும்போது துதிக்கை எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தாக வேண்டும். கோயில் தூணில் இதற்கு முழு விடை கிடைக்காது, ஏனென்றால் அங்கே யாளியின் முதுகுப்பக்கம் கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடக்கிறது. பின்னாலிருந்து பார்க்க வேண்டுமானால் ஸ்ரீரங்கம் போன்ற கோயில்களின் யாளி வாகனத்தைப் பார்க்கவேண்டும். மரத்தில் முழு உடம்போடு செய்தது அது. வாலும் இடுப்பும் அங்கே உண்டு. புறப்பாட்டு நாளில் தோளுக்கு மேலே அது குலுங்கி அசைந்து வரும்போது, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் கூடவே நடந்து வரையுங்கள்.